வண்டுக்கும் சீலகாந்துக்கும் ஒரே வரிதானா?

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். வகைப்பாட்டியல் பாடம் முடிந்ததும், ஒட்டுறவே இல்லாததுபோல் தெரியும் இரண்டு விலங்குகளை எடுத்து அட்டவணை போட்டு வரச் சொன்னேன். ஒரு மாணவி அமெரிக்கப் பிணம் புதைக்கும் வண்டையும் சீலகாந்த் என்ற ஆழ்கடல் மீனையும் எடுத்து வந்தாள். முதல் வரியில் இரண்டுக்கும் 'விலங்குலகம்'. அதற்குக் கீழே தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம் எல்லாம் வேறு வேறு. கடைசி வரியில், 'பாதுகாப்பு நிலை' என்ற இடத்தில், மறுபடியும் இரண்டும் ஒன்று: 'மிக அருகிய இனம்'. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "அப்படியானால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தில் இருக்கின்றனவா?" என்றாள் ஒருத்தி. "அமெரிக்க அரசு அந்த வண்டை ஒரு படி இறக்கிவிட்டதாமே, எது சரி?" என்றாள் இன்னொருத்தி. "ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் எதைக் காப்பாற்றுவது?" என்று மூன்றாமவள் கேட்டபோது மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். உதவுவீர்களா?

— ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:



முதல் மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதில்: இல்லை. ஒரே பெயருள்ள நிலையில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் அங்கே வந்து சேர்ந்த வழியும் வேறு, அங்கிருந்து மீளும் வழியும் வேறு. ஏன் வேறு என்பதற்கான விடை அட்டவணையின் நடு வரிகளில் இருக்கிறது. வகைப்பாடு என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர் வரிசை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஓர் உயிர் எப்படிப் பிறக்கிறது, எத்தனை குட்டி போடுகிறது, எத்தனை காலம் வாழ்கிறது என்பதெல்லாம் அந்தப் பெயர்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது. கடைசி வரியை அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வண்டிலிருந்து தொடங்குகிறேன். அது கணுக்காலிகள் தொகுதி, பூச்சிகள் வகுப்பு, கோலியாப்டிரா வரிசை. நம் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டும், பொன்வண்டும், மின்மினியும் இதே வரிசைதான். இதுவரை பெயர் சூட்டப்பட்ட வண்டுகள் ஏறக்குறைய நான்கு லட்சம். பெயர் தெரிந்த விலங்குகளில் நான்கில் ஒன்று வண்டு. குடும்பம் சில்ஃபிடே. அண்மைக்கால மரபணு ஆய்வுகள் இந்தக் குடும்பத்தை ஸ்டாஃபிலினிடே என்ற மிகப் பெரிய குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டன. பெரும்பாலான நூல்களில் பழைய பெயரே இருக்கிறது. ஆகவே மாணவி எதை எழுதியிருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். பேரினம் நிக்ரோஃபோரஸ், அதில் எழுபதுக்குக் குறையாத சிற்றினங்கள். நம் கதாநாயகன் நிக்ரோஃபோரஸ் அமெரிக்கானஸ். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஒலிவியே 1790-இல் வைத்த பெயர் அது.

மீனுக்கு வருவோம். முதுகுநாணிகள் தொகுதி. வகுப்பு சார்கோப்டெரிஜி, அதாவது துடுப்பின் அடியில் எலும்பும் தசையும் கொண்ட சதைத்துடுப்பு மீன்கள். சந்தையில் நாம் பார்க்கும் மத்தி, வஞ்சிரம், விரால் எல்லாம் ஆக்டினோப்டெரிஜி என்ற கதிர்த்துடுப்பு வகுப்பு. உயிரோடு இருக்கும் மீன்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கூட்டம்தான். சதைத்துடுப்பு மீன்களில் இன்று மிஞ்சியிருப்பவை ஆறு நுரையீரல் மீன்களும் இரண்டு சீலகாந்துகளும் மட்டுமே. நான்கு கால் விலங்குகள் எல்லாம் இந்தச் சதைத்துடுப்பு மரபிலிருந்துதான் கரையேறின. தவளை, பல்லி, மயில், யானை, நீங்கள், நான், அந்த மாணவி எல்லோரும் அதில் அடக்கம். ஆகையால் உறவுமுறை பார்த்தால் சீலகாந்த் நமக்குப் பங்காளி; மத்தி மீன் அதற்கும் நமக்கும் தூரத்துச் சொந்தம். உருவத்தில் மத்தியும் சீலகாந்தும் மீன், நாம் வேறு. கிளைவழியில் பார்த்தால் சீலகாந்தும் நாமும் ஒரு பக்கம், மத்தி மறுபக்கம். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். நுரையீரல் மீன் நமக்கு இன்னும் ஒரு படி நெருக்கம் என்று 2013-இல் வெளியான சீலகாந்த் மரபணுத்தொகுதி ஆய்வு உறுதி செய்தது.

வண்டின் மரபும் மீனின் மரபும் பிரிந்தது 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. அதற்குப் பிறகு சீலகாந்துகளின் கிளை 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனியாகிவிட்டது. மிகப் பழைய வண்டுப் புதைபடிவங்கள் 30 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவானவை. வண்டு என்ற வடிவமே உலகில் தோன்றாத காலத்தில் சீலகாந்துகள் கடலில் நீந்திக்கொண்டிருந்தன. ஆனால் 'உயிருள்ள புதைபடிவம்' என்ற சொல்லை வகுப்பில் கொஞ்சம் அடக்கியே பயன்படுத்துங்கள். இன்றைய சீலகாந்துகளின் பேரினமான லாட்டிமெரியா பாறைகளில் கிடைத்ததில்லை. கிடைத்தவை அதன் உறவுக் கிளைகள். அவற்றில் ஆற்றில் வாழ்ந்தவை உண்டு, உருவத்தில் பெரிதும் மாறுபட்டவையும் உண்டு. மாறாமல் உறைந்து நின்றுவிட்ட உயிர் என்று எதுவும் கிடையாது.

இப்போது அந்த வண்டின் வாழ்க்கை. விரல்கணு அளவுக்கு மேல் நீளம், பளபளக்கும் கறுப்பு, அதில் ஆரஞ்சுப் புள்ளிகள், தலைக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு வட்டம். அந்த வட்டம்தான் அடையாளம், பேரினத்தின் மற்ற அமெரிக்க வண்டுகளுக்கு அது இல்லை. இரவில் பறக்கும். செத்த பறவையோ சிறு விலங்கோ எங்கே கிடக்கிறது என்பதை உணர்கொம்புகளால் வெகு தொலைவிலிருந்தே மோந்து கண்டுபிடித்துவிடும். பல வண்டுகள் வந்து சேர்ந்தால் சண்டை நடக்கும். பெரும்பாலும் பெரிய ஆணும் பெரிய பெண்ணும் வென்று ஜோடி சேரும். பிறகு இரண்டும் சடலத்துக்கு அடியில் மண்ணைப் பறித்து, விடிவதற்குள் அதை நிலத்துக்குள் இறக்கிவிடும். உள்ளே இறகையோ மயிரையோ நீக்கி, உருண்டையாக்கி, தம் உடலில் சுரக்கும் திரவங்களைப் பூசும். அழுகல் மட்டுப்படும். பெண் பக்கத்து மண்ணில் முட்டையிடும். புழுக்கள் வெளிவந்ததும் தாயும் தகப்பனும் சதையை அரைத்து அவற்றின் வாயில் ஊட்டும். புழுக்கள் தலையைத் தூக்கிக் கேட்கும், பெற்றோர் ஊட்டும். பூச்சிகளில் இப்படித் தாயும் தந்தையும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது மிக அரிது. உணவுக்கு மீறிய எண்ணிக்கையில் புழுக்கள் இருந்தால் சிலவற்றைப் பெற்றோரே தின்று குறைத்துவிடும். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் எல்லாம் அரைவயிற்றோடு சாவதைவிட ஒரு பகுதியாவது பிழைக்கட்டும் என்ற கணக்கு அது. வண்டின் ஆயுள் ஏறக்குறைய ஓர் ஆண்டு. குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்து, கோடையில் ஒருமுறை குடும்பம் நடத்தி முடிந்துபோகும்.

இந்த வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு பொருளில் தொங்குகிறது: சரியான எடையுள்ள சடலம். இதன் சின்னச் சொந்தங்கள் ஒரு சுண்டெலியை வைத்தே குடும்பம் நடத்திவிடும். இவ்வளவு பெரிய வண்டுக்கு அது போதாது. ஏறத்தாழ 80 முதல் 200 கிராம் வரையிலான உடல் வேண்டும். புறாக்குஞ்சு, காடை, அணில் அளவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட அமெரிக்காவில் பயணிப்புறாக்கள் நூற்றுக்கணக்கான கோடிகளில் இருந்தன. அவை கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தீர்க்கப்பட்டன. கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச்சாலையில் இறந்தது. புல்வெளிக் கோழிகளும் அருகின. ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் மனிதர்கள் ஒழித்த இடங்களில் நரி, ரக்கூன், ஸ்கங்க் போன்ற நடுத்தர விலங்குகள் பெருகின. அவையும் அதே சடலங்களைத் தேடுபவை. வண்டு வந்து சேர்வதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடும். காடும் புல்வெளியும் துண்டாகின, இரவு விளக்குகள் கூடின. இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விளைவில் மட்டும் ஐயமில்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவின் 35 மாநிலங்களிலும் கனடாவின் தென்பகுதியிலும் இருந்த வண்டு, 1989-இல் அந்நாட்டு அருகிய இனச் சட்டத்தின் பட்டியலில் ஏறியபோது இரண்டே இடங்களில்தான் இருப்பது தெரிந்திருந்தது. ஒன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிளாக் தீவு, மற்றொன்று ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதி.

பிளாக் தீவில் ஏன் பிழைத்தது என்பது சுவையான செய்தி. அந்தத் தீவில் நரியும் ரக்கூனும் இல்லை. வேட்டைக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட ஃபெசன்ட் கோழிகள் அங்கே பெருகியிருந்தன. இறந்த ஃபெசன்ட் குஞ்சுகள் வண்டுக்குச் சரியான எடை. மனிதன் ஒரு புறாவை அழித்ததாலும் கெட்ட வாழ்வை, மனிதன் கொண்டுவந்த ஒரு கோழி ஒரு தீவில் மட்டும் தாங்கிப் பிடித்தது.

இனி சீலகாந்த். அதன் கதை இன்னும் பிரபலம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மரபு டைனோசர்களோடு சேர்ந்து மறைந்துவிட்டது என்றுதான் எல்லாப் பாடநூல்களும் எழுதியிருந்தன. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் சலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால், கேப்டன் கூசனின் இழுவைப்படகு வலையில் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள நீல மீன் ஒன்று வந்தது. ஈஸ்ட் லண்டன் நகர அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற இளம்பெண் அதன் அருமையை உணர்ந்து காப்பாற்றி வைத்தார். ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜே.எல்.பி. ஸ்மித் அதை அடையாளம் கண்டு அவர் பெயரையே மீனுக்கு வைத்தார்: லாட்டிமெரியா சலும்னே. அடுத்த மீன் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது கொமோரோ தீவுகளில் கிடைத்தது. அங்கிருந்த மீனவர்களுக்கு அது புதிய மீனே இல்லை. 'கொம்பெஸ்ஸா' என்று பெயரிட்டு, தின்ன உதவாத மீன் என்று ஒதுக்கியிருந்தார்கள். சதையில் எண்ணெயும் யூரியாவும் மிகுதி, தின்றால் வயிற்றைக் கெடுக்கும். 1997-இல் இந்தோனேசியாவின் மனாடோ நகரச் சந்தையில் இரண்டாவது சிற்றினம் கண்ணில் பட்டது; லாட்டிமெரியா மெனாடோயென்சிஸ் என்று 1999-இல் பெயர் பெற்றது. உங்கள் மாணவியின் அட்டவணையில் இருப்பது ஆப்பிரிக்கச் சிற்றினம். இந்தோனேசியச் சிற்றினம் சிவப்புப் பட்டியலில் அதற்கு இரண்டு படி கீழே, 'அழிவாய்ப்பு இனம்' என்ற நிலையில் இருக்கிறது. சீலகாந்த் என்று பொதுவாக எழுதினால் பாதுகாப்பு நிலை பிழையாகிவிடும். சிற்றினப் பெயர் கட்டாயம்.

ஆழ்கடல் மீன் என்பதையும் கொஞ்சம் திருத்திச் சொல்லலாம். கும்மிருட்டான அடியாழத்து மீன் அல்ல அது. பகலில் நூறு முதல் முந்நூறு மீட்டர் ஆழத்து எரிமலைப் பாறைக் குகைகளில் ஒடுங்கிக்கிடக்கும். இரவில் இன்னும் கீழே இறங்கி, நீரோட்டத்தோடு மெல்ல மிதந்து இரை தேடும். சூரிய ஒளி தேய்ந்து முடியும் விளிம்பு அது. 1987-இல் ஆய்வாளர் ஹன்ஸ் ஃப்ரிக்கேயின் குழுவினர் சிறு நீர்மூழ்கியில் இறங்கி முதன்முறையாக அதை அதன் இடத்திலேயே படம் பிடித்தார்கள். இணைத்துடுப்புகளை நாம் கைவீசி நடப்பதுபோல் மாற்றி மாற்றி அசைத்தது. ஆனால் தரையில் ஊன்றி நடக்கவில்லை. உடலிலுள்ள வெண்புள்ளிகள் ஒவ்வொரு மீனுக்கும் வேறு என்பதால் தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ணவும் முடிந்தது. கொமோரோ தீவுகளில் ஒன்றான கிராண்ட் கொமோரின் கரையோரம் அவர்கள் மதிப்பிட்டது சில நூறு மீன்கள்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது அதன் பிள்ளைப்பேறு. சீலகாந்த் கடலில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, குட்டி வளர்ந்து பிறக்கிறது. 1975-இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் ஒரு பெண் மீனை அறுத்துப் பார்த்தபோது ஐந்து குட்டிகள் இருந்தன. 1991-இல் மொசாம்பிக் அருகே பிடிபட்ட ஒன்றில் 26 குட்டிகள். இதன் ஆயுள் இருபது ஆண்டு அளவு என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2021-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 27 மீன்களின் செதில்களை முனைவுற்ற ஒளியில் பார்த்தார்கள். முன்பு கண்ணில் படாத நுண்வளையங்கள் தெரிந்தன. ஒரு மீனுக்கு வயது 84. ஆயுள் நூறு ஆண்டு அளவில் இருக்கலாம், ஆண் நாற்பதைத் தாண்டியும் பெண் ஐம்பத்தைந்தைத் தாண்டியும்தான் பருவமடைகின்றன, கர்ப்பகாலம் ஐந்து ஆண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு குட்டி தாய்வயிற்றிலிருந்து வெளிவருவதற்குள் நம் வண்டு ஐந்து தலைமுறையை முடித்துவிடும்.

இனி அந்தக் கடைசி வரி. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் 1964-இலிருந்து நடக்கிறது. ஓர் இனத்தை 'மிக அருகியது' என்று வைக்க ஐந்து வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றில் பொருந்தினாலே போதும். பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கி, சிதறி, இன்னும் தேய்ந்துகொண்டிருக்கலாம். இனப்பெருக்க வயதில் உள்ளவை ஐம்பதுக்கும் குறைவாக இருக்கலாம். அல்லது எண்ணிக்கை 80 விழுக்காடு வீழ்ந்திருக்கலாம். ஆகவே அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே நிலையில் உள்ள இரண்டு இனங்களில் ஒன்று நூற்றுக்கணக்கில் இருக்கலாம், மற்றது ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

அந்த மூன்றாவது வழியின் விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: வீழ்ச்சியைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் காலம் பத்து ஆண்டு, அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அது. வண்டுக்கு மூன்று தலைமுறை என்றால் மூன்றே ஆண்டு. ஆகவே பத்து ஆண்டை எடுக்க வேண்டும். சீலகாந்துக்குப் பருவ வயதை மட்டும் வைத்துப் பார்த்தாலும் மூன்று தலைமுறை நூற்றைம்பது ஆண்டைத் தாண்டும். அதாவது விக்டோரியா ராணி காலத்திலிருந்து எத்தனை குறைந்திருக்கின்றன என்று கேட்க வேண்டும். அந்த மீன் உயிரோடு இருப்பதே 1938-க்கு முன் அறிவியலுக்குத் தெரியாது! ஆப்பிரிக்கச் சீலகாந்தை 'மிக அருகிய இனம்' என்று மதிப்பிட்டது 2000-ஆம் ஆண்டில், அதாவது நூறாண்டு ஆயுள் என்ற செய்தி வருவதற்கு இருபத்தொரு ஆண்டு முன்பு. அட்டவணையில் உள்ள அந்தச் சொல் சரிதான், ஆனால் அது குறைந்த அறிவோடு சொல்லப்பட்டது. இன்று நமக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நிலைமை அன்று நினைத்ததைவிட மோசம் என்பதே என் கருத்து. வேகமாகப் பிள்ளை பெறும் என்று நம்பிய மீன் அப்படிப்பட்டதல்ல என்று தெரிந்துவிட்டதே.

ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். வண்டு அமெரிக்கப் பட்டியலில் ஏறிய 1989-இல் ஒரு பெண் சீலகாந்த் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அது இன்னும் பருவமே அடைந்திருக்காது. அதே காலத்தில் வண்டு முப்பத்தைந்து தலைமுறைக்கு மேல் கண்டுவிட்டது. வலையில் சாகும் ஒவ்வொரு முதிர்ந்த பெண் மீனும் அரை நூற்றாண்டுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு. அதற்காக வண்டின் குறுகிய ஆயுள் பாதுகாப்பானது என்று நினைத்துவிடவும் கூடாது. சீலகாந்த் ஓர் ஆண்டு குட்டி போடாவிட்டால் அடுத்த ஆண்டு உண்டு. வண்டுக்கு அடுத்த ஆண்டு என்பதே இல்லை. ஒரு கோடையில் சடலம் கிடைக்காமல் போனால் அந்த வட்டாரத்தில் கதை முடிந்துவிடும்.

உண்மையான அடியாழ மீன்களிலும் இதே பாடம் கசப்பாகப் படிக்கப்பட்டது. ஆரஞ்சு ரஃபி என்ற மீன் கடலடி மலைகளைச் சுற்றி ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வாழ்கிறது. இருநூறு ஆண்டு தாண்டியும் வாழும், இருபது முப்பது வயதில்தான் பருவமடையும். நியூசிலாந்துக் கடலில் 1970-களின் இறுதியில் இழுவைப்படகுகள் அதைத் தேடிப் போயின. ஆண்டுக்கு ஆண்டு குஞ்சு பெருகும் மீனைப் பிடிப்பதுபோல் வாரினார்கள். சில இடங்களில் இருபது ஆண்டுக்குள் இருப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஆஸ்திரேலியா 2006-இல் அதைத் தன் சட்டத்தின் பாதுகாப்பில் சேர்த்தது. தட்டில் விழுந்த அந்த மீன்களில் பல, பிடித்தவர்களின் கொள்ளுத்தாத்தாவுக்கும் மூத்தவை.

இரண்டாவது மாணவியின் கேள்வி: அமெரிக்க அரசு 2020-இல் வண்டை 'அருகியது' என்ற இடத்திலிருந்து 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்ற இடத்துக்கு இறக்கியது உண்மை. 1989-க்குப் பிறகு தேடத் தேட நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, ஆர்கன்சா முதலிய மாநிலங்களிலும் வண்டு இருப்பது தெரிந்தது. உடனடியாக அழிந்துவிடும் அபாயம் குறைவு என்று அதை வைத்து முடிவு செய்தார்கள். அது ஒரு நாட்டின் சட்டம், அதன் அளவுகோல் வேறு. சிவப்புப் பட்டியல் உலகளாவிய மதிப்பீடு. சட்ட வலிமை அதற்குக் கிடையாது. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அட்டவணையில் எந்தப் பட்டியல், எந்த ஆண்டு என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பட்டியலிலிருந்து அந்த வண்டை முழுவதுமாக நீக்கக் கோரி 2015-இல் மனுக் கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழில் சங்கமும் இருந்தது. ஓக்லஹோமாவில் குழாய் பதிக்கவும் கிணறு தோண்டவும் இந்த வண்டு தடையாக இருந்தது அவர்கள் குறை. தரமிறக்கிய அரசின் அறிக்கையே, வெப்பம் கூடக் கூடத் தென்பகுதி வண்டுகள் வரும் பத்தாண்டுகளில் அழியக்கூடும் என்று எச்சரிக்கிறது. எச்சரித்துக்கொண்டே ஒரு படி இறக்கியது எனக்கு உடன்பாடில்லை.

பூச்சிகளைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பெயர் சூட்டிய பூச்சிகள் பத்து லட்சத்துக்கு மேல். அவற்றில் சிவப்புப் பட்டியலுக்காக மதிப்பிடப்பட்டவை நூற்றுக்கு ஒன்றிரண்டு. முதுகெலும்பிகளில் பெரும்பாலானவை மதிப்பிடப்பட்டுவிட்டன. வண்டு பட்டியலில் இடம்பிடித்ததே ஓர் அரிய பேறு. அதன் எத்தனையோ உறவினர்கள் யாரும் எண்ணாமலே மறைந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது மாணவியின் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அப்படியொரு தேர்வு யாருக்கும் வரக்கூடாது என்று சொல்வது எளிது; ஆனால் பணமும் ஆட்களும் குறைவாக உள்ள உலகில் அந்தத் தேர்வு தினமும் நடக்கிறது. லண்டன் விலங்கியல் கழகம் 2007-இல் தொடங்கிய 'எட்ஜ்' திட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதோடு, பரிணாம மரத்தில் அது எவ்வளவு தனிமையான கிளை என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்த அளவில் வண்டு போனால் எழுபது சகோதரர்கள் மிஞ்சுவார்கள். இரண்டு சீலகாந்துகளும் போனால் 40 கோடி ஆண்டுக் கிளை அடியோடு முறிந்துவிடும். கிளையை மட்டும் பார்க்காமல் நிலத்தில் செய்யும் வேலையைப் பார்த்தால் வண்டின் பக்கம் நியாயம் கூடும். செத்ததை மண்ணுக்குள் எடுத்துச் சென்று உரமாக்கும் வேலையை அது இல்லாத காடுகளில் ஈக்களும் ரக்கூன்களும் வேறு மாதிரிதான் செய்கின்றன.

என்னைக் கேட்டால் மீனுக்கு முதலிடம் கொடுப்பேன். வண்டை மனிதனால் வளர்க்க முடியும். ரோட் ஐலண்டின் ராஜர் வில்லியம்ஸ் பூங்கா விலங்குக்காட்சிச்சாலையில் வளர்த்த வண்டுகளை 1994 முதல் நான்டக்கெட் தீவில் விட்டார்கள். ஜோடி ஜோடியாகக் காடைச் சடலத்தோடு மண்ணில் வைத்து மூடினார்கள், அவை அங்கே குடும்பம் நடத்தின. 2012-இல் மிசூரிப் புல்வெளியிலும் அதைச் செய்தார்கள். தவறு செய்தால் அடுத்த கோடையில் திருத்திக்கொள்ளலாம். சீலகாந்தை இதுவரை எந்தத் தொட்டியிலும் வளர்த்ததில்லை. மேலே கொண்டுவந்தவை சில மணி நேரத்தில் வெப்பத்தாலும் அதிர்ச்சியாலும் இறந்துபோயின. அதற்கு நாம் செய்யக்கூடியது, அதன் வழியிலிருந்து வலையை எடுப்பது மட்டுமே.

அதைச் செய்யவும் முடிகிறது. கொமோரோ மீனவர்கள் சீலகாந்தைத் தேடிப் போவதில்லை. இரவில் எண்ணெய்மீனுக்குப் போடும் நீண்ட தூண்டிலில் அது தவறி மாட்டுகிறது. தான்சானியாவிலும் மடகாஸ்கரிலும் நிலைமை இன்னும் கடுமை. சுறாத்துடுப்புக்கு விலை ஏறியதும் ஆழத்தில் போடும் பெரிய செவுள்வலைகள் பெருகின. 'ஜரிஃபே' என்று அங்கே பெயர். தான்சானியாவின் டாங்கா கரையோரத்தில் 2003-க்குப் பிறகு பல பத்துச் சீலகாந்துகள் இப்படிச் செத்தன. 2009-இல் அந்தக் கடற்பகுதியைச் சீலகாந்தின் பெயரிலேயே பூங்காவாக அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் சோட்வானா விரிகுடாவில் 2000-ஆம் ஆண்டு முக்குளிப்பவர்கள் நூறு மீட்டர் ஆழத்துப் பள்ளத்தில் சீலகாந்துகளைக் கண்டார்கள். அந்தப் பள்ளங்கள் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிக்குள் இருந்ததால் அங்கே வலை இறங்குவதில்லை. டாங்கா மீனவருக்கு அந்த வலைக்குப் பதிலாக வேறு வலையும், சுறாவுக்குப் பதிலாக வேறு வருமானமும் கொடுத்தால் போதும். அந்த மீனுக்கு வேறு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. பணம் இருந்தால் முதல் தவணையை நான் அங்கேதான் அனுப்புவேன், இரண்டாவதை ஓக்லஹோமாவுக்கு.

மாணவியிடம் அட்டவணையில் இரண்டு வரி கூட்டச் சொல்லுங்கள்: 'தலைமுறை நீளம்', 'மதிப்பிட்ட ஆண்டு'. அவற்றை நிரப்பியபின் முதல் மாணவியின் கேள்விக்கு வகுப்பே பதில் சொல்லிவிடும்.